முத்தாய்ப்பு வைக்காத இசை

இசை என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குத் திரைப்பாடல்தான் நினைவுக்கு வரும். சிலருக்குக் கச்சேரி, சிலருக்குக் கோயில் மேளம், ஆண்டுதோறும் பத்துமலைக்குப் போய் வருபவர்களுக்கு உருமி. வீடியோ விளையாட்டின் இசையை நினைப்பவர் மிகக் குறைவு. அப்படியே நினைத்தாலும் வெளியில் சொல்லத் தயங்குவார்கள். பொம்மைப் பெட்டியிலிருந்து வரும் ஓசைக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிரிப்பார்கள் அல்லவா?

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நம் தலைமுறையில் பலர் ஒரு திரைப்பாடலை ஐம்பது முறை கேட்டிருப்போம். ஒரு விளையாட்டின் போர்க்கள இசையை ஐந்நூறு முறை கேட்டிருப்போம். ஐந்நூறு முறை கேட்டும் சலிக்காத ஒன்றை ஒருவர் இயற்றியிருக்கிறார் என்றால், அவர் அதை எப்படிச் செய்தார் என்று கேட்பது மாணவர்களாகிய நமக்கு உரிய கேள்வியே ஆகும்.

இக்கட்டுரையில் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, வியூக விளையாட்டுகளின் இசை எவ்வாறு இயங்குகிறது என்பது. மற்றொன்று, அந்த நுட்பம் நமக்கு அந்நியமானது அன்று என்பது. நம் மேளக்காரர்களுக்கு அது நெடுங்காலமாகக் கைவந்த கலை. அதை நாம் கவனிக்காமலேயே கைநழுவ விட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் இசை வல்லுநன் அல்லன். சுங்கை பூலோவில் வளர்ந்த காலத்தில் மூன்று ஆண்டுகள் மிருதங்கம் பயின்றதோடு என் இசைக் கல்வி முடிந்தது. எனவே ஒரு ரசிகனின் காதோடும், கொஞ்சம் தாளக் கணக்கோடும் மட்டுமே இதை எழுதுகிறேன்.

சதுரங்கமும் கதையும்

முதலில், இந்த விளையாட்டு வகையை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இளையோர் இதனை 'ஸ்ட்ராட்டஜி ஆர்பிஜி' என்பர். தமிழில் வியூகக் கதை விளையாட்டு எனலாம். சதுரங்கப் பலகை போலக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு போர்க்களம் திரையில் தெரியும். அதில் நம் வீரர்களும் எதிரிகளும் நிற்பார்கள். ஒருவர் பின் ஒருவராக முறை வரும். நம் முறை வந்ததும் வீரனை எந்தக் கட்டத்திற்கு நகர்த்துவது, யாரைத் தாக்குவது, யாருக்கு மருந்து கொடுப்பது என்று நாம் முடிவு செய்ய வேண்டும். சதுரங்கக் காய்களுக்குப் பெயர் இல்லை, கதை இல்லை. இங்கே ஒவ்வொரு காய்க்கும் பெயரும் குடும்பமும் துரோகமும் உண்டு. அதுவே வேறுபாடு.

இவ்வகையில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்'. ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 1997 ஜூன் மாதம் பிளேஸ்டேஷனுக்காக இதை வெளியிட்டது. இயக்கியவர் யசுமி மட்சுனோ. இவாலிஸ் என்னும் கற்பனை நாட்டில் அரியணைக்காக இரு தரப்பினர் மோதும் கதை இது. இங்கிலாந்து வரலாற்றில் 15ஆம் நூற்றாண்டில் நடந்த ரோஜாப் போர்களின் சாயல் அதில் உண்டு. இசையமைத்தவர்கள் ஹிதோஷி சகிமோட்டோ, மசஹாரு இவாட்டா ஆகிய இருவர். 1995இல் வெளிவந்த 'டாக்டிக்ஸ் ஓகர்' என்னும் வியூக விளையாட்டுக்கும் மட்சுனோவுடன் இணைந்து பணியாற்றியவர்கள் இவர்களே. டாக்டிக்ஸின் புதிய பதிப்பு 2025 செப்டம்பர் 30ஆம் நாள் வெளிவந்தது. 28 ஆண்டுகள் கழித்தும் மக்கள் தேடி வாங்கும் விளையாட்டு அது. அதன் இசைக்கும் அதில் பங்குண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

எப்போது முடியும் என்று தெரியாத பாட்டு

திரைப்படத்துக்குப் பின்னணி இசை அமைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. காட்சி எத்தனை விநாடி என்பது அவருக்குத் தெரியும். கதாநாயகன் கதவைத் திறக்கும் இடம் 42ஆவது விநாடி என்றால், அந்த 42ஆவது விநாடியில் வயலினை எழுப்பலாம். எத்தனை திரையரங்குகளில் ஓடினாலும் கதவு அதே விநாடியில்தான் திறக்கும்.

வியூக விளையாட்டுக்கு இசையமைப்பவருக்கு இந்த வசதி இல்லை. ஆடுபவர் ஒரு நகர்வை மூன்று விநாடியில் முடித்துவிடலாம். அல்லது கட்டுப்படுத்தியைக் கீழே வைத்துவிட்டு, மைலோ கலக்கிக் குடித்து, குளித்துவிட்டு வந்தும் ஆடலாம். டாக்டிக்ஸ் போன்ற விளையாட்டில் நம் முறை வந்தால் எதிரி வாளை ஓங்கியபடியே நமக்காகக் காத்திருப்பான். இசையும் அவனோடு சேர்ந்து காத்திருக்க வேண்டும். பரபரப்பு குறையக்கூடாது. அதே வேளையில் யோசிப்பவரின் மூளையைக் குழப்பவும் கூடாது.

இதற்குக் கண்டறியப்பட்ட வழிதான் சுழற்சி. பாட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு முன்னுரை ஒருமுறை மட்டும் ஒலிக்கும். பிறகு வரும் முதன்மைப் பகுதி முடிவுக்கு வந்ததும், மீண்டும் அப்பகுதியின் தொடக்கத்திற்கே போய்விடும். கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு 120 அடி வேகத்தில், நான்கு அடி கொண்ட ஆவர்த்தனங்கள் 48 இருக்கும் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 192 அடிகள். அதாவது 96 விநாடிகள். ஒரு போர் 40 நிமிடம் நீடித்தால், அந்தப் பாட்டு 25 முறை சுழலும். அப்போரில் தோற்று மீண்டும் ஆடினால் 50 முறை.

இங்குதான் இசையமைப்பாளரின் திறமை சோதிக்கப்படுகிறது. கர்நாடக இசை கேட்டவர்களுக்கு 'முத்தாய்ப்பு' என்றால் என்னவென்று தெரியும். தனி ஆவர்த்தனத்தின் இறுதியில் ஒரு கோர்வையை மூன்று முறை வாசித்துச் சமத்தில் கொண்டு வந்து நிறுத்தினால், இத்துடன் முடிந்தது என்று காது தானே உணர்ந்துகொள்ளும், அவையினர் கைதட்டுவார்கள். சுழலும் இசையில் இதைச் செய்யவே கூடாது. முடிந்த உணர்வு வந்துவிட்டால், அடுத்த விநாடி அதே பாட்டு மறுபடி தொடங்குவது தவறிப் போட்ட ஒலிநாடா போல எரிச்சலூட்டும். ஆகவே கடைசி வரி, முடிவைப் போல் தோன்றாமல் ஒரு கேள்வியைப் போல் நிற்கும். அந்தக் கேள்விக்கு விடை முதல் வரியில் இருக்கும். விடை கேட்கப் போனால் நாம் மறுபடியும் உள்ளே போய்விடுவோம். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று தையல் தெரியாது.

இராகத்தின் இனிமையிலும் ஓர் அளவு வேண்டும். ஒரே ஒரு மெட்டு மிக அழுத்தமாக மனத்தில் பதிந்தால், பத்தாவது சுழற்சியில் அது திகட்டிவிடும். மெட்டே இல்லாவிட்டால் போர்க்களம் வெறிச்சோடிப் போகும். டாக்டிக்ஸின் போர்ப் பாடல்களில், என் காதுக்கு எட்டியவரை, ஒரு மெட்டு நீண்ட நேரம் ஒரே கருவியிடம் தங்குவதில்லை. தந்திக் கருவிகள் தொடங்கியதைப் பித்தளைக் குழல்கள் வாங்கிக்கொள்ளும்; அங்கிருந்து மரக்குழல் ஒன்று எடுத்துக்கொள்ளும்; அடியில் படைமுரசு ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் காது வேறொரு கருவியைப் பின்தொடரலாம். 'ட்ரைசெக்ஷன்' என்னும் பாடலைக் கேட்டுப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

அப்படியானால் முத்தாய்ப்பு எங்கே? போர் முடிந்ததும் வெற்றி முழக்கம் ஒன்று ஒலிக்கும். அங்கேதான். அத்தனை நேரம் தள்ளிப் போட்ட முடிவை அந்தச் சில விநாடிகளில் வைத்திருக்கிறார்கள். வெற்றி பெற்றதில் பாதி இன்பம், காதுக்குக் கடைசியில் ஒரு முடிவு கிடைத்ததால் வருவது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் இதற்கு ஒரு சான்றும் உண்டு. நான் ஆடும்போதெல்லாம் அம்மா சமையலறையிலிருந்து, "டேய், இந்தப் பாட்டு எப்பத்தான்டா முடியும்?" என்பார். ஒருநாள் அவர் தேங்காய் துருவிக்கொண்டே அதே மெட்டை முணுமுணுத்ததை நானும் அக்காவும் கேட்டோம். அவரிடம் சொன்னபோது ஒப்புக்கொள்ளவில்லை.

இருபது விநாடிக்குள் ஒரு படை

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அது இடப் பற்றாக்குறை.

முதல் 'ஃபயர் எம்ப்ளம்' விளையாட்டு 1990 ஏப்ரல் மாதம் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு வெளிவந்தது. வியூகக் கதை விளையாட்டுகளுக்கு இலக்கணம் வகுத்த படைப்புகளுள் ஒன்று அது. யுகா சுஜியோகோ என்னும் பெண்மணி அதற்கு இசையமைத்தார். அவருக்குக் கிடைத்தவை ஐந்து ஒலித்தடங்கள் மட்டுமே. அவற்றுள் ஒன்று வெறும் இரைச்சல். அதைத்தான் முரசாகப் பயன்படுத்த வேண்டும். அடுத்து வந்த சூப்பர் ஃபாமிகாமில் எட்டுத் தடங்களும் 64 கிலோபைட் ஒலி நினைவகமும் இருந்தன. பிளேஸ்டேஷனில் 24 தடங்கள், 512 கிலோபைட்.

512 கிலோபைட் என்பது எவ்வளவு? குறுந்தட்டுத் தரத்தில் இரு செவிகளுக்குமான ஒலிக்கு விநாடிக்கு 1,76,400 பைட் தேவை. அப்படியே பதிந்தால் மூன்று விநாடிக்குக்கூடப் போதாது. பிளேஸ்டேஷனில் இருந்த சுருக்கும் முறையைக் கையாண்டு, ஒற்றைத் தடமாகப் பதிந்தால் ஏறத்தாழ 20 விநாடிகள் கிடைக்கும். அந்த 20 விநாடிக்குள் வயலின், எக்காளம், குழல், முரசு, மணி என எல்லாமும் அடங்க வேண்டும். வாள் மோதும் ஓசைக்கும் அதிலேயே இடம் ஒதுக்க வேண்டும்.

எனவே பாடலை முழுமையாகப் பதியாமல், ஒவ்வொரு கருவியின் ஒரு துளியை மட்டும் பதிந்துகொண்டார்கள். வயலினில் ஒரு சுரம், எக்காளத்தில் ஒரு சுரம். மற்ற சுரங்கள் வேண்டும்போது அத்துளியையே வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டி, சுருதியைக் கூட்டியும் குறைத்தும் கொள்வார்கள். பாடல் என்பது அதில் ஒரு சுரக்குறிப்பு மட்டுமே: இந்தத் தடத்தில் இந்தச் சுரத்தை இவ்வளவு நேரம் இவ்வளவு அழுத்தத்தில் ஒலி என்னும் கட்டளைகளின் வரிசை. கருவி அந்தக் குறிப்பைப் பார்த்து அவ்வப்போதே வாசிக்கும். ஆக, அன்றைய வீடியோ விளையாட்டின் இசை ஒலிப்பதிவு அன்று. ஒவ்வொரு முறையும் நம் கண்முன் நடந்த வாசிப்பு. சகிமோட்டோ தொடக்க காலத்திலேயே இதற்கெனச் சொந்தமாக ஒரு மென்பொருளை எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது. இசை தெரிந்தால் மட்டும் போதாது, கருவியின் உள்ளும் புறமும் தெரிந்திருக்க வேண்டிய காலம் அது.

பார்த்து வாசிக்கும் இசை

அவ்வப்போதே வாசிக்கும் இசையில் ஒரு பெரும் நன்மை உண்டு. அது நிலைமையைப் பார்த்து மாறக்கூடியது.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் இருந்தவை நான்கே சுரங்கள். அவை தாழ்ந்த சுருதியில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். எதிரிகளின் எண்ணிக்கை குறையக் குறைய, மிஞ்சியவர்கள் வேகமாக நகர்வார்கள். சுரங்களும் அதே அளவு விரைவு பெறும். ஆடுபவரின் நெஞ்சுத் துடிப்பும் கூடவே ஏறும். 1991இல் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மைக்கல் லாண்ட், பீட்டர் மெக்கானெல் ஆகிய இருவர் 'ஐமியூஸ்' என்னும் முறையை 'மங்கி ஐலண்ட் 2' விளையாட்டில் பயன்படுத்தினர். கதாநாயகன் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நுழைந்தால், பாட்டு அறுபடாமலே அந்தக் கடைக்குரிய கருவிக்கு மாறிக்கொள்ளும்.

வியூக விளையாட்டுகள் இதைத் தமக்கே உரிய முறையில் வளர்த்தன. ஃபயர் எம்ப்ளம் வரிசையில் நம் முறைக்கு ஒரு பாட்டு, எதிரியின் முறைக்கு வேறொரு பாட்டு. கண்ணை மூடிக்கொண்டாலும் யார் கை ஓங்கியிருக்கிறது என்று காது சொல்லிவிடும். இருவர் மோதும் காட்சி திரையில் விரியும்போது மூன்றாவதாக ஒரு பாட்டு வரும். பழைய விளையாட்டுகளில் இந்த மாற்றம் வெட்டியது போல் இருக்கும். 2012இல் வந்த 'ஃபயர் எம்ப்ளம் அவேக்கனிங்' இதைச் சரிசெய்தது. ஒரே பாட்டை இரு வடிவங்களில் தந்தது: வரைபடத்தைப் பார்க்கும்போது அடக்கமான வடிவம், வாள் மோதும்போது, அதே மெட்டின் அதே இடத்திலிருந்து, முழங்கும் வடிவம். மோதல் முடிந்ததும் மீண்டும் அடக்கம். தாளம் ஒரு மாத்திரைகூடத் தவறாது. 2019இல் வந்த 'த்ரீ ஹவுசஸ்' இந்த இரு வடிவங்களுக்கும் மழை, இடி என்றே பெயர் சூட்டியது. மழை பெய்துகொண்டிருக்கும், வேண்டும்போது இடி இடிக்கும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இதை நான் முன்பே எங்கோ கேட்டிருக்கிறேனே!

கெட்டி மேளம்

கல்யாண வீட்டு மேளத்தை நினைத்துப் பாருங்கள். முகூர்த்த நேரம் தெரியும். ஆனால் ஐயர் மந்திரத்தை எந்த விநாடியில் முடிப்பார், பெண்ணை எப்போது அழைத்து வருவார்கள், தாலித் தட்டு எல்லார் கையையும் தொட்டு எப்போது மேடைக்குத் திரும்பும் என்று எவருக்கும் தெரியாது. நாதஸ்வரக்காரர் ஓர் இராகத்தை எடுத்து ஆலாபனை செய்துகொண்டிருப்பார். தவில் அடக்கமாகத் தொடரும். ஐந்து நிமிடமோ இருபது நிமிடமோ, நீட்ட வேண்டிய அளவுக்கு நீட்டுவார்கள். முத்தாய்ப்பு வைக்க மாட்டார்கள். தவில்காரரின் கை தோலில் இருக்கும். கண் மட்டும் ஐயரின் விரலில் இருக்கும். விரல் உயர்ந்து "கெட்டி மேளம்!" என்ற குரல் எழுந்த அதே கணத்தில் மேளம் இடியாய் முழங்கும். அமங்கலச் சொல் எதுவும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதற்காகவே இந்த முழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மூன்று முடிச்சும் விழுந்தபின் மேளம் தணிந்து மீண்டும் இராகத்திற்குத் திரும்பும்.

மழையும் இடியும் இதுதானே?

சாமி புறப்பாட்டிலும் அப்படியே. சாமி கோயிலை விட்டுக் கிளம்பும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிப்பார்கள். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்திற்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி என்று சூழலுக்கேற்ப வகைகள் உண்டு. சொற்கள் இல்லாத உருப்படி அது. கேட்ட மாத்திரத்தில் என்ன நடக்கிறது என்று தெருக்கோடியில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். வழியில் மண்டகப்படிக்குச் சாமி நின்றால், எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரமும் இராகம் விரியும். கிளம்பினால் நடைக்கேற்ற தாளம் வரும். இத்தனைக்கும் அடியில், மூச்சு விடும் இடைவெளிகூடத் தெரியாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அதற்குப் பெயர் ஒத்து. 'ஒத்து ஊதுகிறான்' என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். ஆனால் காத்திருக்கும் இசைக்கு அடித்தளமே அந்த ஒத்துதான். இன்று அதன் இடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது.

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் உருமிக் குழுவினரைக் கவனித்தவர்களும் இதை உணர்ந்திருப்பார்கள். காவடி எடுப்பவர் நடக்கும்போது ஓர் அடி. நின்று ஆடத் தொடங்கினால் வேறோர் அடி. தளர்ந்தால் அவரைச் சுற்றி நெருங்கி நின்று வேகம் கூட்டுவார்கள். 272 படிகளை அவர் எத்தனை நிமிடத்தில் ஏறுவார் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அவர் காலைப் பார்த்து வாசிக்கிறார்கள்.

ஜப்பானியப் பொறியாளர்கள் நம்மிடமிருந்து இதைக் கற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய்ப் பெருமை. எப்போது முடியும் என்று தெரியாத நிகழ்ச்சிக்கு வாசிக்க வேண்டிய தேவை எங்கெல்லாம் எழுகிறதோ, அங்கெல்லாம் மனிதர்கள் ஏறக்குறைய ஒரே விடையைக் கண்டடைகிறார்கள். நம் முன்னோர் மூச்சாலும் தோலாலும் செய்ததை, அவர்கள் சில்லுகளால் செய்தார்கள். அவ்வளவே.

பார்க்காத இசை

சில ஆண்டுகளுக்கு முன் சுங்கை பூலோ பக்கத்தில் ஒரு மண்டபத்தில் உறவினர் திருமணம் நடந்தது. மேளத்திற்குப் பதிலாக ஒலிபெருக்கி ஏற்பாடாகியிருந்தது. ஓர் இளைஞர் கைப்பேசியை இணைத்து நாதஸ்வர இசையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஐயர் விரலை உயர்த்தினார். இளைஞர் அவசரமாகக் கெட்டி மேளத்தைத் தேடி அழுத்த, முதலில் ஒரு விளம்பரம் ஓடியது. அது முடிந்து மேளம் முழங்குவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "மேளக்காரர் இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்றார்.

அந்த இளைஞரைக் குறை சொல்வதற்கில்லை. மேளக் குழுவை அழைக்கும் செலவு எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. நம் நாட்டுக் கோயில்கள் பலவற்றில் வாசிப்பவர்கள் தமிழகத்திலிருந்து பணி அனுமதியில் வரும் கலைஞர்கள். அவர்களுக்கும் முகூர்த்த நாள்களில் ஓய்வில்லை. ஆனால் பாட்டியின் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் நான்கு சுர விளையாட்டுக்கூட ஆடுபவரைப் பார்த்து வாசித்தது. நம் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியோ மணமக்களைப் பார்ப்பதில்லை. விளையாட்டுப் பெட்டிக்கு நாம் கண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில், மேளத்தின் கண்ணைப் பிடுங்கிவிட்டோம்.

இழப்பு என்னவென்றால், ஒலிப்பதிவில் இராகம் தங்கும். பார்த்து வாசிக்கும் நுட்பம் தங்காது. எப்போது நீட்டுவது, எப்போது அடக்குவது, யாருடைய கண்ணைப் பார்ப்பது என்பனவெல்லாம் எந்தச் சுரக்குறிப்பிலும் எழுதப்படவில்லை. அது மேளக்காரரின் தோளோடு தோள் உட்கார்ந்து கற்ற அறிவு. உட்காருவதற்கு ஆள் இல்லாவிட்டால் அந்த அறிவும் போய்விடும்.

நம் இசைக்கு அங்கே இடமுண்டா?

உண்டு. தமிழ் ஏற்கெனவே அந்த உலகிற்குள் நுழைந்துவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டின் இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்னும் பிரிவின் வீரர்கள் தமிழில் பேசுகிறார்கள். கடாரம் வரை படை நடத்திய இராசேந்திர சோழனின் கதையும் அதில் ஆடக் கிடைக்கிறது. அது வியூக விளையாட்டு. கடாரமோ நம் கெடா மாநிலம்.

2023 ஜூலையில் கனடாவின் தொரொண்டோ நகரிலிருந்து 'வெண்பா' என்னும் சிறு விளையாட்டு வந்தது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்கிறது. அதற்கென்றே புதிதாகத் தமிழ்ப் பாடல்கள் இயற்றப்பட்டன. காலத்திற்குக் காலம் மாறிவந்த திரையிசையின் நடையை அவற்றில் கேட்கலாம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக அது தேர்வு பெற்றது. தமிழ் இசை விளையாட்டுக்கு ஒத்துவராது என்று இனி எவரும் சொல்ல முடியாது.

நம் ஊரிலும் ஆள் இல்லாமல் இல்லை. கோலாலம்பூரைச் சேர்ந்த மெட்ரோனோமிக் நிறுவனம் 2020இல் 'நோ ஸ்ட்ரேட் ரோட்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. மின்னிசைப் பேரரசை எதிர்க்கும் இரு ராக் கலைஞர்களின் கதை அது. இசையே அதன் களம். பிரிக்ஃபீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981 முதல் இசையும் நடனமும் கற்பித்து வருகிறது. விளையாட்டு செய்பவர்களும் இசை கற்றவர்களும் ஒரே கிள்ளான் பள்ளத்தாக்கில், ஒரே ரயில் தடத்தில் பயணம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் குறை.

முன்பு ஒரு தொழில்நுட்பத் தடையும் இருந்தது. ஒரு சுரத்தைப் பதிந்து ஏற்றி இறக்கும் முறை பியானோவுக்கு ஒத்துவரும், நாதஸ்வரத்துக்கு வராது. நம் இசையில் கமகம் என்பது சுரத்தின் மேல் பூசும் அலங்காரம் அன்று. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியே சுரமாகிறது. அந்த வழியை 512 கிலோபைட்டில் அடைக்க இயலாது. இன்றோ நினைவகத்திற்குப் பஞ்சமில்லை. கலைஞர் வாசிப்பதை முழுமையாகவே பதியலாம். 2022இல் மறுபடி வந்த டாக்டிக்ஸ் ஓகர் விளையாட்டுக்கு, அதன் பழைய இசையைக் கலைஞர்களைக் கொண்டு புதிதாக வாசித்துப் பதிந்ததும் அதனால்தான்.

செய்முறை கடினமானதும் அன்று. ஒரே சுருதி, ஒரே தாளம், ஒரே வேகம். அதில் ஒத்தும் அடக்கமான தவிலும் ஒரு பதிவு; நாதஸ்வரம் சேர்ந்தது இரண்டாவது பதிவு; கெட்டி மேளம் மூன்றாவது. எஃப்மோட், வைஸ் போன்ற மென்பொருள்கள் இப்பதிவுகளை அடுக்கி, ஆவர்த்தனம் தவறாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும். கற்றுக்கொள்ளும் மாணவர்கள் அவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இராசேந்திரனின் கப்பல்கள் கடாரக் கரையை நெருங்கும்வரை ஆலாபனை. முதல் அம்பு பறந்ததும் இடி. கற்பனை செய்து பாருங்கள்.

ஆனால் மென்பொருளுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில் மாறுவது, எப்படி மாறுவது என்பதை மேளக்காரரிடம்தான் கேட்க வேண்டும். வாசித்ததைப் பதிவதோடு, அவர் எதைப் பார்த்து வாசித்தார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் மொழிக் கழகத்தில் பொறியியல் மாணவர் இருக்கிறார், கணினி மாணவர் இருக்கிறார், பரதமும் வீணையும் பயின்றவர்கள் இருக்கிறார்கள். நாடகத்திற்கும் கலைநிகழ்ச்சிக்கும் ஒன்றுகூடுகிற நாம் இதற்கும் கூடலாம். பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்களுள் யாரேனும் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அரைநாள் ஏற்பாடு செய்தால் போதும், தொடங்கிவிடலாம்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை கோயிலிலோ கல்யாண வீட்டிலோ மேளம் வாசித்தால், சாப்பாட்டு வரிசைக்கு விரைவதற்கு முன் ஐந்து நிமிடம் தவில்காரரின் பக்கத்தில் நில்லுங்கள். அவர் கையைப் பார்க்க வேண்டாம். கண் எங்கே போகிறது என்று பாருங்கள்.